வரிசையில் நிற்கும் நேரத்தை யாரும் விளம்பரம் செய்வதில்லை

கோடை விடுமுறைக்கு முன் தீம் பார்க் விளம்பரங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ரைடு இயக்கம், டிக்கெட் விற்பனை, நுகர்வோர் சட்டம் ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: "50-க்கும் மேற்பட்ட ரைடுகள்" என்று விளம்பரம். காலை திறந்ததும் உள்ளே போய் மாலை மூடும்வரை இருந்தும் ஒன்பதில்தான் ஏற முடிந்தது. ஏமாற்று வேலையா, எங்களுக்கு விவரம் போதவில்லையா? (வாசகர், ஈரோடு)

விடுமுறை நாளில் ஒன்பது என்பது மோசமில்லை. 50 என்ற எண்ணும் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. எதையெல்லாம் எண்ணினார்கள் என்பதில்தான் சூட்சுமம். பூங்காவின் இணையதளத்தில் உள்ள ரைடு பட்டியலை எடுத்துக்கொண்டு பேனாவோடு உட்காருங்கள். சின்னக் குழந்தைகளுக்கான ராட்டினங்களையும் சறுக்குகளையும் முதலில் தனியே எடுத்துவிடுங்கள். வேவ் பூல், லேஸி ரிவர், ரெயின் டான்ஸ் எல்லாம் கூட்டமாக இறங்கி நிற்கும் இடங்கள். ஆனால் பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு ரைடு. ஒரே கோபுரத்திலிருந்து நான்கு குழாய்ச் சறுக்குகள் இறங்கினால் நான்கு பெயர், நான்கு ரைடு. கோ-கார்ட், ஜிப்லைன், வி.ஆர். (மெய்நிகர் காட்சி) அரங்கு போன்றவற்றுக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம். இவற்றைக் கழித்துவிட்டால், பெரியவர் ஒருவர் வரிசையில் நின்று ஏறும் ரைடுகள் பல பூங்காக்களில் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இனி விளம்பரத்தில் வரவே வராத ஓர் எண்ணுக்கு வருவோம். ஒரு ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது? உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான்.

24 பேர் உட்காரும் ரோலர் கோஸ்டர் ஒன்றில் இரண்டு வண்டிகள் ஓடுகின்றன, 2 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 30 தடவை, 720 பேர். அதே தடத்தில் ஒரே வண்டியை ஓட்டினால் ஓட்டம் 2 நிமிடம், இறக்கி ஏற்றிப் பூட்டிச் சரிபார்க்க 2 நிமிடம் என மணிக்கு 15 தடவைதான், 360 பேர். உங்களுக்கு முன்னால் 480 பேர் நின்றால் முதல் கணக்கில் 40 நிமிடம், இரண்டாவதில் 80 நிமிடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரைடும் ஒன்றுதான், வரிசையின் நீளமும் ஒன்றுதான்.

ஊஞ்சல் போல ஆடும் பெரிய ரைடுகள் இன்னும் மந்தம். 40 இருக்கை, ஏற்றி ஆட்டி இறக்க ஆறு நிமிடம் என்றால் மணிக்கு 400 பேர். ஒவ்வொருவராக இறங்கும் நீர்ச் சறுக்கில், முன்னால் போனவர் கீழே குளத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் அடுத்தவரை விடுவார்கள். ஆளுக்கு 30 வினாடி என்றால் மணிக்கு 120 பேர்தான். படிக்கட்டில் 40 பேர் நின்றாலே 20 நிமிடம் போய்விடும். "சின்ன வரிசைதானே" என்று நம்பி இங்கேதான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். டிஸ்னி பூங்காக்களில் நிற்காமல் சங்கிலித்தொடராக நகரும் இருக்கைகள் கொண்ட சில ரைடுகள் மணிக்கு 2,000 பேருக்கு மேல் ஏற்றும். அங்கே பயமுறுத்தும் நீளத்தில் நிற்கும் வரிசையும் நடந்துகொண்டே இருக்கும்.

வரிசையில் சேருமுன் இரண்டு தடவை வண்டி கிளம்புவதை நின்று பாருங்கள். இடைவெளி எத்தனை நிமிடம், ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பில் ஒரு வரியில் நிற்பவர்களை எண்ணி, வரிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்தத் தொகையை ஒரு தடவைக்கு ஏறுபவர்களால் வகுத்து இடைவெளியால் பெருக்கினால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். வண்டியில் இருவர் இருவராக உட்காரும் இருக்கைகளில் மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலியாகவே போகும். ஆகவே 24 இருக்கைக்கு 20 பேர் என்று கணக்குப் போடுவது நல்லது.

கே: வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் வாங்குவது லாபமா? (வாசகி, திருச்சி)

கூட்ட நாளில் லாபம், சாதாரண நாளில் வீண். ஆனால் இதில் விளம்பரம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஃபாஸ்ட் டிராக் விற்பதால் ரைடின் கொள்ளளவு கூடுவதில்லை. இருக்கும் இடங்களைப் பங்கு பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். மணிக்கு 1,000 பேர் ஏறும் ரைடில் 600 இடங்கள் கட்டண வரிசைக்குப் போனால், பொது வரிசைக்கு மீதி 400. முன்னால் 400 பேர் நிற்கும் பொது வரிசை 24 நிமிடத்தில் கரைய வேண்டியது. இப்போது ஒரு மணி நேரம் ஆகும். எவ்வளவு அதிகம் விற்கிறார்களோ அவ்வளவுக்குப் பொது வரிசை நகராது. நகராத வரிசையைப் பார்த்து இன்னும் பலர் ஃபாஸ்ட் டிராக் வாங்குவார்கள். 1999-இல் டிஸ்னி கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக இருந்தது; 2021-இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதன் இடத்துக்கு வந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை: ஒரு ரைடுக்கு ஒரு தடவையா, எத்தனை தடவையும் ஏறலாமா? (சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் இரண்டு வகையும் தனித்தனி விலையில் உண்டு.) நீர் ரைடுகளுக்கும் செல்லுமா? கட்டண வரிசை ஏறும் மேடை வரை தனியாகப் போகிறதா, பாதி வழியில் பொது வரிசையில் கலக்கிறதா? உள்ளே போய்க் கூட்டத்தைப் பார்த்த பிறகு வாங்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால் முன்கூட்டியே வாங்காதீர்கள்.

கே: விளம்பரத்தில் 999 ரூபாய். நான்கு பேருக்கு 4,000 ஆகும் என்று போனோம், 7,000 தாண்டியது. (வாசகர், கரூர்)

பொடி எழுத்தில் "வரி தனி" என்று இருந்திருக்கும். கேளிக்கைப் பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அப்படியும் 999 என்பது 1,179 ஆகிவிடுகிறது. அதன் மேல் இணைய முன்பதிவுக் கட்டணம், லாக்கர், நீரில் இறங்க நைலான் உடை வாடகை, சாப்பாடு, வாகன நிறுத்தம். 999 என்பதே வாரநாள் விலையாகவும் இருக்கலாம்.

உடை விஷயத்தில் மட்டும் பூங்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். ஜிப்பும் ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஃபைபர் சறுக்கைக் கீறும், பின்னால் வருபவரின் முதுகைக் கிழிக்கும். வீட்டிலிருந்தே நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை கொண்டுபோனால் ஆளுக்கு வாடகை மிச்சம்.

இணையத்தில் பதிவு செய்யும்போது காப்பீடு, நன்கொடை, சாப்பாட்டுக் கூப்பன் ஆகியவை தானாகவே 'டிக்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காமல் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது, "இன்னும் 3 டிக்கெட்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது மூன்றும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்டவை.

கே: எட்டு வயது மகளுக்கு டிக்கெட் வாங்கினோம். பெரிய ரைடு எதிலும் ஏற்றவில்லை. பணம் மட்டும் ஏன் வாங்குகிறார்கள்? (வாசகி, திருநெல்வேலி)

பல பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டுக்கும் உயரம்தான் அளவுகோல், ரைடுக்கும் உயரம்தான் அளவுகோல். ஆனால் இரண்டும் வேறு வேறு கோடுகள். 115 செ.மீ. பெண் குழந்தை டிக்கெட்டுக்குள் வந்துவிடுவாள். 120 அல்லது 140 செ.மீ. கேட்கும் ரைடில் ஏற முடியாது. அதே வகுப்பில் படிக்கும் உயரமான பையன் பெரியவர் டிக்கெட்டே வாங்க வேண்டியிருக்கும். விளம்பரப் படத்தில் ரோலர் கோஸ்டரில் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் சிறுவனைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அவன் உயரம் படத்தில் தெரியாது.

ரைடு வாசலில் ஊழியரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். தோளை அழுத்தும் கம்பியும் மடியை அழுத்தும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் திடீர்த் திருப்பத்தில் கம்பிக்கு அடியில் வழுக்கி வெளியே வந்துவிடக்கூடும். அப்பா மடியில் வைத்துக்கொள்வதால் அது மாறாது. வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்து, இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் போட்டிருக்கும் உயரத்தோடு ஒப்பிட்டு, குழந்தை ஏறக்கூடியவற்றை எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் அடுத்த வருடம் போகலாம். எடைக்கும் இதே கதைதான்: டியூப் சறுக்குகளில் அதிகபட்ச எடை உண்டு, அதைப் பல இடங்களில் வாசலில் மட்டுமே எழுதி வைத்திருப்பார்கள்.

கே: படத்தில் வானளாவ நின்ற கோட்டை, நேரில் அத்தனை பெரிதாக இல்லை. கேமராவின் வேலையா? (வாசகர், காஞ்சிபுரம்)

கேமரா பாதி, கட்டடக்காரர் பாதி. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் கோட்டை வெறும் 77 அடி. மேலே போகப் போகக் கற்களின் அளவையும் ஜன்னல்களின் அளவையும் குறைத்துக்கொண்டே போனால், உச்சி உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் உள்ள கோட்டை 189 அடி. 2005-இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கு முதலில் கலிஃபோர்னியாக் கோட்டையின் பிரதியே போதும் என்று கட்டினார்கள். சின்னதாக இருக்கிறது என்ற முணுமுணுப்பு ஓயவே இல்லை. 2020-இல் அதையே உயர்த்திப் புதிய கோட்டையாக்கினார்கள்.

கேமராவைப் பொறுத்தவரை, அகலக் கோண லென்ஸைத் தரையோடு வைத்து மேல்நோக்கி எடுத்தால் இருபது அடிச் சறுக்கும் மலையாகத் தெரியும். படம் எடுப்பதும் பூங்கா திறக்கும் முன், ஆளில்லாத காலை வெயிலில். வரைபடச் செயலியில் வாடிக்கையாளர்கள் போட்ட படங்களை "புதியவை முதலில்" என்று வரிசைப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமைப் படங்களைப் பாருங்கள்.

கே: விளம்பரத்தில் நீலமாக மின்னும் தண்ணீர் நேரில் கலங்கலாக, மூக்கைத் துளைக்கும் குளோரின் வாசனையோடு இருந்தது. இறங்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

நீலம் தண்ணீருடையது இல்லை; பெரும்பாலும் அடித்தளத்தின் வண்ணப்பூச்சு. அதைக் கழித்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். குளத்தின் ஆழமான பகுதியில் அடியிலுள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இறங்காதீர்கள். அழுக்கைவிட முக்கியமான காரணம், அடியில் யாராவது மூழ்கிக் கிடந்தாலும் பாதுகாவலருக்குத் தெரியாது என்பது.

மூக்கைத் துளைக்கும் அந்த வாசனையைக் குளோரின் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வியர்வை, சிறுநீர், உடல் அழுக்கோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைன். கூட்டத்துக்கு ஈடாகச் சுத்திகரிப்பு நடக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். கண் எரிவதும் அதனால்தான். நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேராமல் மிச்சமிருப்பது) லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரை இருக்கும். அன்றைய அளவுகளைப் பலகையில் எழுதி வைக்கும் பூங்காவை நம்பலாம். பிற்பகல் மூன்று மணித் தண்ணீரைவிடத் திறந்த முதல் மணி நேரத் தண்ணீர் எப்போதும் மேல்.

கே: "ஆறு மாதத்துக்குள் எந்த நாளும் வரலாம்" என்ற சலுகை டிக்கெட் நல்லதா? (வாசகர், புதுச்சேரி)

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் திறந்த சில மாதங்களில், 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் செல்லும் தேதியிடாத டிக்கெட்டோடு சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். பூங்கா நிரம்பியதும் வாசலை மூடிவிட்டார்கள். கையில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தும் வெளியே நின்றவர்கள், குழந்தைகளை வேலிக்கு மேலே தூக்கி உள்ளே கொடுத்தார்கள். தேதி இல்லாத டிக்கெட்டை எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம், எல்லோரும் ஒரே நாளில் வருவதுதான் சிக்கல். "சிறப்பு நாள்கள் நீங்கலாக" என்ற வரி இருக்கிறதா, அந்த நாள்களின் பட்டியல் எங்கே என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பொங்கல், தீபாவளி, மே மாத ஞாயிறுகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

கே: எங்கள் ஊர் மைதானத்தில் பனி உலகம், கடலடிச் சுரங்கம் என்று அற்புதமான படங்களோடு விளம்பரம் வருகிறது. நம்பலாமா? (வாசகர், நாமக்கல்)

படம் எடுக்கப்பட்டதா, செயற்கை நுண்ணறிவால் வரையப்பட்டதா என்று முதலில் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சாக்லேட் உலகம் என்று விளம்பரம் செய்து 35 பவுண்டு வரை வாங்கினார்கள். போனவர்கள் கண்டது ஏறக்குறையக் காலியான ஒரு கிடங்கு. குழந்தைகளுக்குக் கிடைத்தது சில ஜெல்லி மிட்டாய்களும் கொஞ்சம் எலுமிச்சைப் பானமும். முதல் நாளே பாதியில் மூட வேண்டியதாயிற்று, போலீஸும் வந்தது. இத்தனைக்கும் விளம்பரமே காட்டிக்கொடுத்திருந்தது: அதில் இருந்த ஆங்கிலச் சொற்களில் பல எந்த அகராதியிலும் இல்லாதவை.

படத்தில் உள்ள பெயர்ப்பலகைகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எழுத்து குழறியிருந்தால் அப்படி ஓர் இடம் இல்லை. நிரந்தர இடமில்லாத கண்காட்சி என்றால் முன்பதிவு செய்யாமல், முதல் வாரம் போய்வந்தவர்களைக் கேட்டுவிட்டு வாசலில் டிக்கெட் எடுங்கள்.

கே: விளம்பரத்தின் முதல் படத்தில் இருந்த ரோலர் கோஸ்டர் மூடிக் கிடந்தது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (வாசகி, கோவை)

ஏன் மூடியிருந்தது என்பதைப் பொறுத்தது. ரோலர் கோஸ்டரின் தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எங்காவது ஒரு உணரி (சென்சார்) சந்தேகப்பட்டால் முழு அமைப்பும் நின்றுவிடும். மின்னல், பலத்த காற்று, உணரிக் கோளாறு இவற்றால் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்பது பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குப் பணம் திரும்பாது, கேட்பதிலும் நியாயமில்லை.

திட்டமிட்ட பராமரிப்பு வேறு. வண்டிகளைத் தடத்திலிருந்து இறக்கி, சக்கரம் அச்சு எல்லாம் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வாரக்கணக்கில், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். சிங்கப்பூர் யுனிவர்சலின் இரட்டை ரோலர் கோஸ்டர் 2013 ஜூலையில் மூடி 2015 மே மாதம்தான் திறந்தது. இப்படித் திட்டமிட்டு மூடுவது பூங்காவுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அதே படத்தைப் போட்டு டிக்கெட் விற்றால், அங்கே உங்கள் வழக்கு தொடங்குகிறது. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28). "முன்னறிவிப்பின்றி ரைடுகள் மூடப்படலாம்" என்ற பொடி எழுத்தைக் காட்டுவார்கள். விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு நிபந்தனைக் குறிப்பு முரணாக இருக்கக்கூடாது, வாக்குறுதி எந்த மொழியிலோ குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்று தவறான விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 2022 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தமிழில் விளம்பரம், ஆங்கிலத்தில் நிபந்தனை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

விளம்பரத்தைத் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். மூடிய ரைடின் முன் உள்ள பலகையைப் படமெடுங்கள். பராமரிப்பு எப்போது தொடங்கியது என்று ஊழியர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "மனம் புண்பட்டது" என்று நீட்டாமல், இன்ன ரைடு, இன்ன தேதி, இவ்வளவு தொகை வேண்டும் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், இணையத்திலும் போடலாம். மத்திய ஆணையம் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம், அடுத்தடுத்த தடவை 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அது அரசுக்குப் போகும். உங்கள் பணத்துக்கு மாவட்ட ஆணையம்தான் வழி. "வரிசை நீளம், நினைத்த மாதிரி இல்லை" என்பது மட்டும் புகாரானால் நிற்காது.

கே: எந்த நாளில் போனால் விளம்பரத்தில் பார்த்ததுபோல் கூட்டமில்லாமல் இருக்கும்? (வாசகர், வேலூர்)

பள்ளிகள் திறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் செவ்வாய், புதன், வியாழன். ஒரு எச்சரிக்கை: ஆளில்லாத நாளில் பூங்காவும் செலவைச் சுருக்கும். இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்று ஓடும். சில ரைடுகள் காலை, சில மாலை என்று முறைவைத்துத் திறப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அன்றைய ரைடு நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நுழைவாயில் திறக்கும் நேரம், தரை ரைடுகள் தொடங்கும் நேரம், நீர் ரைடுகளின் நேரம் மூன்றும் வேறு வேறாக இருக்கும். முதல் அரை மணி நேரத்தில் மணிக்கு மிகக் குறைவான பேரை ஏற்றும் பெரிய ரைடை முடியுங்கள். நீர் ரைடு திறந்ததும் தரைப்பக்கக் கூட்டம் அங்கே பாயும். அந்த முதல் ஒரு மணி நேரம் நீங்கள் தரையிலேயே இருங்கள். சாப்பாட்டை 12 மணிக்கு முன்போ 2.30-க்குப் பிறகோ வைத்துக்கொண்டால், மற்றவர்கள் தட்டோடு நிற்கும் நேரத்தில் ரோலர் கோஸ்டர் வரிசை குறைவாக இருக்கும்.